அணைத்த தம்பி, கேள்வி கேட்ட தாய்

டல்லஸ் நகரத்தின் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில், போத்தம் ஜானின் வீட்டு வாசலில் பளிச்சென்ற சிவப்பு மிதியடி ஒன்று கிடந்தது. அவருக்கு நேர் கீழே, மூன்றாவது மாடியில் குடியிருந்த காவலர் ஆம்பர் கைகரின் வாசலில் அப்படி எதுவும் இல்லை. 2018 செப்டம்பர் 6 இரவு, பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேல் வேலை பார்த்துவிட்டுச் சீருடையோடு திரும்பிய கைகர், காரை மாடி மாறி நிறுத்தினார். தன் வீடு என்று நினைத்து அந்த மிதியடியின் மேல் நின்றார். சரியாகச் சாத்தப்படாத கதவு திறந்துகொண்டது. உள்ளே 26 வயது போத்தம், கிண்ணத்தில் வெனிலா ஐஸ்கிரீமை வைத்துச் சாப்பிட்டபடி டிவி பார்த்துக்கொண்டிருந்தார். கைகர் இரண்டு முறை சுட்டார். ஒரு குண்டு மார்பில் பாய்ந்தது. தன் சொந்த வீட்டில், யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாமல் உட்கார்ந்திருந்த மனிதர் செத்துப்போனார். அவர் கறுப்பினத்தவர். சுட்டவர் வெள்ளையினத்தவர்.

போத்தம், கரீபியன் தீவு நாடான செயின்ட் லூசியாவில் பிறந்தவர். ஆர்கன்சா மாநிலத்தில் உள்ள ஹார்டிங் என்ற கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் படித்து, பிரைஸ்வாட்டர்ஹவுஸ்கூப்பர்ஸ் நிறுவனத்தில் கணக்காளராக இருந்தார். அவருடைய 'சர்ச் ஆஃப் கிரைஸ்ட்' சபையில் வாத்தியங்கள் கிடையாது, வெறும் குரலால்தான் பாடுவார்கள். அங்கே பாட்டை எடுத்துக் கொடுப்பவர் போத்தம். இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய விசுவாசம் பின்னால் நீதிமன்றத்துக்குள்ளும் வந்தது, அவருக்கு எதிராக.

கைகர் மூன்று நாள் கழித்துத்தான் கைது செய்யப்பட்டார். கொலைக் குற்றச்சாட்டுகூட முதலில் இல்லை, அதைவிடக் குறைந்த பிரிவுதான். போத்தமின் இறுதிச் சடங்கு நடந்த அன்றே, அவர் வீட்டைச் சோதனையிட்டபோது கொஞ்சம் கஞ்சா கிடைத்ததாகச் சொல்லும் ஆவணம் வெளியாகி, டிவி செய்திகளில் ஓடியது. சுடப்பட்டவரின் வீட்டில் என்ன இருந்தால் என்ன? அவர் சாவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? தாய் அலிசன் ஜான் கொதித்துப்போனார். மகனை ஒரு முறை கொன்றது போதாதென்று அவன் பெயரையும் கெடுக்கிறார்கள் என்பதே அவருடைய வேதனை. காவலர் கையால் சாகும் கறுப்பினத்தவரின் குடும்பங்களுக்கு அமெரிக்காவில் இது பழகிப்போன அவமானம்.

பெரு நடுவர் குழு அந்த நவம்பரில் வழக்கைக் கொலை வழக்காக மாற்றியது. 2019 அக்டோபர் 1 அன்று ஜூரிகள் கைகரைக் கொலைக் குற்றவாளி என்று அறிவித்தார்கள். வேலையில் இல்லாத நேரத்தில் சுட்ட காவலருக்கு என்றாலும், அமெரிக்காவில் இப்படி ஒரு தீர்ப்பு அபூர்வம். மறுநாள் தண்டனை. டெக்சஸ் சட்டப்படி 5 ஆண்டிலிருந்து 99 ஆண்டு வரை விதிக்கலாம். குறைந்தது 28 ஆண்டு கேட்டது அரசுத் தரப்பு. போத்தம் உயிரோடு இருந்திருந்தால் அந்த வாரம் அவருக்கு 28 வயது. ஜூரிகள் கொடுத்தது 10 ஆண்டு. நீதிமன்றத்துக்கு வெளியே கூடியிருந்தவர்கள் அழுதார்கள், கோஷமிட்டார்கள்.

ஜூரிகளில் இருவர் பிறகு தொலைக்காட்சியில் விளக்கம் சொன்னார்கள். அரசுத் தரப்பு கண்ணுக்குக் கண் கேட்டதாம். ஆனால் போத்தம் அப்படிக் கேட்கிறவர் இல்லை, மறு கன்னத்தைக் காட்டுகிறவர் என்று ஜூரிகளில் ஒருவருக்குத் தோன்றியதாம். அவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள் என்று நம்புகிறேன். இருந்தாலும் நெஞ்சு பொறுக்கவில்லை. போத்தமை அவர்கள் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. அவர் பக்தர் என்று சாட்சிகள் சொல்லக் கேட்டார்கள், அவ்வளவுதான். அந்தப் பக்தியை வைத்தே அவர் உயிரின் விலையைக் குறைத்தார்கள். கோவிலுக்குப் போகாத, பாட்டு எடுத்துக் கொடுக்காத ஒருவர் அந்தச் சோபாவில் உட்கார்ந்திருந்தால் தண்டனை கூடியிருக்குமா? செத்தவருக்காக அவர் வாயைத் திறந்து மன்னிக்க இந்த உலகத்தில் யாருக்கும் அதிகாரம் இல்லை.

உலகம் முழுக்கப் பார்த்த காட்சி, தண்டனை அறிவித்த அதே நாளில் நீதிமன்றத்துக்குள் நடந்தது. டெக்சஸில் தண்டனை அறிவித்த பிறகே பாதிக்கப்பட்டவரின் குடும்பம் குற்றவாளியைப் பார்த்துப் பேசலாம். ஆகவே, அடுத்து நடந்தது தண்டனையை ஒரு நாள்கூடக் குறைக்கவில்லை. போத்தமின் தம்பி பிரான்ட், 18 வயதுப் பையன், சாட்சிக் கூண்டில் உட்கார்ந்தான். நீங்கள் உண்மையிலேயே வருந்தினால் நான் உங்களை மன்னிக்கிறேன் என்றான். கடவுளிடம் போனால் அவரும் மன்னிப்பார் என்றான். நீங்கள் சிறைக்குப் போவதைக்கூட நான் விரும்பவில்லை, உங்கள் வாழ்க்கையைக் கிறிஸ்துவிடம் கொடுங்கள், அதைத்தான் அண்ணன் விரும்பியிருப்பான் என்றான். கொஞ்சம் தயங்கிவிட்டு நீதிபதி பக்கம் திரும்பி, இவரை நான் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டான். தயவுசெய்து என்று இரண்டு தரம் கெஞ்சினான். நீதிபதி டாமி கெம்ப் சம்மதித்தார். இருவரும் கூடத்தின் நடுவில் வந்து கட்டிக்கொண்டார்கள். நெடுநேரம் விடவில்லை. கைகர் தேம்பும் சத்தம் ஒலிவாங்கியில் கேட்டது. கறுப்பினப் பெண்ணான நீதிபதி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இந்த அணைப்பைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது நாடகமும் அல்ல, பலவீனமும் அல்ல. அண்ணனை இழந்த ஒருவன், தனக்கு இருக்கிற ஒரே உரிமையைத் தன் விசுவாசத்தின்படி பயன்படுத்தினான். ஏழு முறை மன்னித்தால் போதுமா என்று சீடர் பேதுரு கேட்டதற்கு, கணக்குப் பார்க்காமல் மன்னி என்ற பொருளில் இயேசு சொன்ன பதிலை மனப்பாடம் செய்தவர்கள் கோடிக்கணக்கில் உண்டு. அதன்படி செய்து காட்டியவர்களை எண்ணிவிடலாம்.

நீதிபதி செய்தது வேறு விஷயம். அமர்வு முடிந்ததும் அவர் கீழே இறங்கி வந்து போத்தமின் குடும்பத்தை அணைத்தார். அதோடு நிற்கவில்லை. உள்ளே போய்த் தன் சொந்த பைபிளை எடுத்து வந்து, யோவான் நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தைக் காட்டி, கைகரிடம் கொடுத்து அவரையும் அணைத்தார். மதத்தையும் அரசையும் பிரித்து வைக்கக் கோரும் ஓர் அமைப்பு அவர்மீது புகார் கொடுத்தது. கைகர்தான் கேட்டார், கடவுள் தன்னை மன்னிப்பாரா என்று கேட்ட ஒருத்தியை எப்படி விட்டுவிட்டுப் போவது என்று கெம்ப் பின்னர் விளக்கினார். ஒரு மனுஷியாக அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் அங்கே நின்றது கறுப்பு அங்கியில், அரசின் பெயரால். கொலைக் குற்றவாளியான ஒரு கறுப்பின இளைஞனை எந்த நீதிபதி இப்படி அணைத்து அனுப்பியிருக்கிறார் என்று பலர் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் ஒன்றுதான் இருக்க முடியும்.

அதே நாளில் தாய் அலிசன் பேசியது மிகக் குறைவாகவே உலகத்தை எட்டியது. மன்னிப்பு எங்கள் மனப்புண் ஆறுவதற்கு வேண்டியது, ஆனால் செய்ததற்கு விளைவு இருக்கத்தான் வேண்டும் என்ற பொருளில் அவர் பேசினார். அந்தப் பத்து ஆண்டு, கைகர் தன்னைப் பற்றி யோசித்துத் திருந்துவதற்கான காலம் என்றார். பேச்சை அங்கே முடிக்காமல் டல்லஸ் நகரத்தின் பக்கம் திரும்பினார். விசாரணையில் தெரியவந்த ஊழல் நிற்க வேண்டும் என்றார். காவலர்களுக்குக் கொடுக்கும் பயிற்சியைக் கேள்வி கேட்டார், குற்றம் நடந்த இடத்தைக் கெடுத்ததைச் சுட்டிக்காட்டினார். சம்பவ இரவில் காவல் வண்டிக்குள் இருந்த கைகரின் பேச்சு பதிவாகாதபடி கேமராவை நிறுத்தச் சொல்லியிருந்தார் காவலர் சங்கத் தலைவர். விசாரணையில் வெளிவந்த அந்தச் செய்தியைத் தாய் மறக்கவில்லை.

அடுத்த சில நாட்களில் அணைப்பு மட்டும் பரவியது. அரசியல்வாதிகள் பாராட்டினார்கள், போதகர்கள் பாராட்டினார்கள். வெள்ளையினக் கிறிஸ்தவர்களே, இந்த அணைப்பை மலிவாக்காதீர்கள் என்று கறுப்பின வரலாற்றாளர் ஜெமார் டிஸ்பி ஒரு கட்டுரை எழுதினார். மார்ட்டின் லூதர் கிங்கின் மகள் பெர்னிஸ் கிங், இனவெறியைக் கட்டிப்பிடித்துத் தீர்க்க முடியாது என்றார். இருவரும் சபையில் ஊறியவர்கள், மன்னிப்புக்கு விரோதிகள் அல்லர். எப்போதும் ஒரே தரப்பிடமிருந்து மட்டும், அதுவும் உடனடியாக, இந்த மன்னிப்பு எதிர்பார்க்கப்படுகிறதே என்பதுதான் அவர்களைப் போன்றவர்களின் ஆதங்கம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கா மன்னிப்பைப் பற்றிப் பேசவில்லை, போருக்குப் போனது.

அந்த அணைப்புக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரிலும் இதே கதை நடந்தது. 2015 ஜூன் 17 மாலை, 'மதர் இமானுவேல்' என்று அன்போடு அழைக்கப்படும் கறுப்பினத் தேவாலயத்தில் வேதபாடம் நடந்துகொண்டிருந்தது. உள்ளே வந்த வெள்ளையின இளைஞனுக்கு நாற்காலி கொடுத்து உட்கார வைத்தார்கள். அவன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் அவர்களோடு இருந்தான். கண்ணை மூடி ஜெபிக்கும் வேளையில் சுட ஆரம்பித்தான். போதகரும் மாநில செனட்டருமான கிளெமென்டா பிங்க்னி உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள். இரண்டே நாளில் ஜாமீன் விசாரணை. இறந்தவர்களில் ஒருவரான எதெல் லான்ஸின் மகள் நடீன் காலியர், திரையில் தெரிந்த கொலையாளியைப் பார்த்து அழுதுகொண்டே மன்னிப்பதாகச் சொன்னார். நாடு நெகிழ்ந்தது. அதே எதெல் லான்ஸின் இன்னொரு மகள் ஷாரன் ரிஷர், தானே போதகர், டல்லஸ் மருத்துவமனை ஒன்றில் ஆன்மிகப் பணியாளராக இருந்தவர். தன்னால் அவ்வளவு சீக்கிரம் மன்னிக்க முடியாது என்று வெளிப்படையாகச் சொன்னார். கொலையாளிக்கு மரண தண்டனை வேண்டாம் என்றும் அவரே சொன்னார். ஒரே தாயின் இரண்டு மகள்கள். செய்தியில் இடம்பிடித்தது ஒருவர்தான்.

கறுப்பின மக்கள் மன்னித்தார்கள், கடைகள் எரியவில்லை, ஊர் அமைதியாக இருந்தது என்று சார்ல்ஸ்டனைப் புகழ்ந்தவர்கள் அப்புறம் என்ன செய்தார்கள்? அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் கூட்டமைப்புக் கொடி மாநில சட்டமன்ற வளாகத்திலிருந்து இறங்கியது, அது உண்மை. ஆனால் பின்னணிச் சோதனை மூன்று வேலை நாளில் முடியாவிட்டால் துப்பாக்கியை விற்றுவிடலாம் என்ற விதி பெரும்பாலானோருக்கு இன்னும் இருக்கிறது. கொலையாளிக்குத் துப்பாக்கி கிடைத்தது அந்த வழியில்தான். அதற்கு 'சார்ல்ஸ்டன் ஓட்டை' என்றே பெயர். அதை அடைக்கும் மசோதாவைப் பிரதிநிதிகள் சபை 2019இலும் 2021இலும் நிறைவேற்றியது. செனட் சபை அதை நிறைவேற்றவில்லை.

மன்னிப்பைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் சகேயுவின் கதையையும் படிக்க வேண்டும். வரி வசூலித்துப் பணம் சேர்த்த அந்த மனிதன், இயேசுவைத் தன் வீட்டில் மகிழ்ச்சியோடு வரவேற்றதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. யாரிடம் ஏமாற்றி வாங்கினேனோ அவர்களுக்கு நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். அதற்குப் பிறகே இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்ற பேச்சு வருகிறது. ஹிட்லரை எதிர்த்துத் தூக்கில் தொங்கிய ஜெர்மன் இறையியலாளர் டீட்ரிக் பான்ஹோஃபர், மனந்திரும்புதல் இல்லாமல் வழங்கப்படும் மன்னிப்பை மலிவான கிருபை என்று சாடினார். அவர் 1930இல் நியூயார்க்கில் படிக்கப் போனபோது ஹார்லெம் பகுதியின் கறுப்பினத் தேவாலயம் ஒன்றில் மாதக்கணக்கில் வழிபட்டவர் என்பது பலருக்குத் தெரியாது. துன்பப்படுகிறவர்களின் பக்கம் நிற்கும் கிறிஸ்துவை அவர் அங்கே கண்டார்.

போத்தம் வழக்கில் பிறகு நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். கொலைத் தீர்ப்பை ரத்து செய்யுங்கள் என்று கைகர் மேல்முறையீடு செய்தார். எந்தக் கைதிக்கும் அந்த உரிமை உண்டு. ஆனாலும், அவர் நீதிமன்றத்தில் வருந்தி அழுததை நம்பிய குடும்பத்துக்கு அது இன்னொரு அடியாகத்தான் இருந்திருக்கும். 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது. அதே ஆண்டு, விசாரணை முடியும்வரை காவலர்களின் கேமரா அணையக்கூடாது என்று டெக்சஸில் சட்டம் வந்தது. அதற்கு 'போ' என்ற போத்தமின் செல்லப் பெயரையே வைத்தார்கள். டல்லஸின் லமார் தெருவில் ஒரு பகுதி போத்தம் ஜான் சாலை ஆனது. நகரக் காவல்துறையின் தலைமையகம் அந்தச் சாலையில்தான் இருக்கிறது. 2024இல் கைகரின் பரோல் மறுக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், போத்தமின் குடும்பத்துக்குக் கைகர் சுமார் 9 கோடியே 86 லட்சம் டாலர் தர வேண்டும் என்று ஒரு ஜூரி தீர்ப்பளித்தது. டல்லஸ் நகர நிர்வாகம் அந்த வழக்கிலிருந்து முன்பே விடுவிக்கப்பட்டிருந்தது. சிறையில் இருப்பவரிடம் அவ்வளவு பணம் எங்கிருந்து வரும்?

சட்டமும் சாலைப் பெயரும் தானாக வந்துவிடவில்லை. அந்தக் குடும்பம் விடாமல் அலைந்து கேட்டதால் வந்தவை. நம் ஊர் ஆலயங்களில் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கிக்கும் போதகர்களே, பிரான்ட்டைப் பற்றிச் சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். கூடவே அலிசனைப் பற்றியும் சொல்லுங்கள். இருவரும் ஒரே வீட்டில், ஒரே பைபிளைப் படித்தவர்கள்.