கிட்டார் முழுக்க ஸ-க-ப: ஒரு கழித்தல் கணக்கு

மேஜர் ஆர்பெஜ்ஜியோ கத்துக்க ஆரம்பிச்சா, முதல்ல கையில் கிடைப்பது ஐந்து வடிவப் படங்கள். மனப்பாடம் பண்ணிடலாம். ஆனா விரல் ஒரு இடம் தவறினா, எங்கே நிற்கிறோம்னு தெரியாது. எங்கே அழுத்தணும்னு படம் சொல்லும். அங்கே இருப்பது எந்த ஸ்வரம் என்று சொல்லாது.

மேஜர் ட்ரையாட் என்பது ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம். சங்கராபரணத்தின் ஸ, க, ப. மூன்றையும் சேர்த்து அடித்தால் கார்ட். ஒவ்வொன்றாக மீட்டினால் ஆர்பெஜ்ஜியோ.

ஒரே தந்தியில் ஸ→க 4 ஃப்ரெட், க→ப 3, ப→மேல் ஸ 5. மொத்தம் 12, ஒரு ஸ்தாயி.

அடுத்தடுத்த தந்திகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் 5 ஃப்ரெட். அதனால் அடுத்த மெல்லிய தந்திக்குத் தாவும்போது 5-ஐக் கழிச்சா போதும்:

ஸ→க: 4−5, ஒரு ஃப்ரெட் பின்னால்
க→ப: 3−5, இரண்டு ஃப்ரெட் பின்னால்
ப→ஸ: 5−5, அதே ஃப்ரெட்

ஒரே விதிவிலக்கு: 3-ஆம் தந்தியிலிருந்து (ஜி) 2-க்கு (பி) வித்தியாசம் 4 தான். அங்கே மட்டும் 5-க்குப் பதில் 4-ஐக் கழிக்கணும்.

ஸ = சி என்று வைத்து, தடித்த 6-ஆம் தந்தியிலிருந்து 1 வரை, தந்திக்கு ஒரு ஸ்வரமாகப் போட்டுப் பாருங்க:

ஸ-வில் தொடங்கினால்: 8, 7, 5, 5, 5, 3
க-வில் தொடங்கினால்: 12, 10, 10, 9, 8, 8
ப-வில் தொடங்கினால்: 3, 3, 2, 0, 1, 0

கடைசி வரிசையைக் கவனிச்சீங்களா? முதல் வாரத்திலேயே எல்லாரும் பிடிக்கும் சி கார்ட்தான் அது. 6-ஆம் தந்தியில் பஞ்சமம் கூடுதலாக இருக்கு, அவ்வளவுதான். வேறு ஸ்ருதி வேணும்னா எல்லா எண்ணோடும் ஒரே அளவைக் கூட்டுங்க. டி மேஜருக்கு 2.

பயிற்சியில் ஒரே நிபந்தனை: ஒவ்வொரு ஸ்வரத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மீட்டணும். பழக, முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டு ஸ்வரங்கள் நல்லது. மேற்கத்திய மெட்டுகளுக்கு அவர் சாகித்யம் அமைத்தவை. கமகம் இல்லாததால் ஃப்ரெட்டில் அப்படியே உட்காரும். வாசிக்கும்போது ஸ, க, ப வரும் இடங்களில் மட்டும் கொஞ்சம் நின்று போங்க.

இப்படிப் பழகினவருக்கு மைனர் தனிப் பாடம் இல்லை. க எங்கே இருக்குன்னு தெரியும். அதை மட்டும் ஒரு ஃப்ரெட் இறக்கினால் சாதாரண காந்தாரம், மைனர் ட்ரையாட். படத்தை மட்டும் நம்பினவர் இன்னும் ஐந்து படம் மனப்பாடம் பண்ணணும்.