ஜீப்பை அப்புறம் பாருங்க... முதல்ல ஆர்.சி. புக்கைப் பாருங்க!

‘‘மாமா, ஒரு ஜீப் பார்த்து வெச்சிருக்கேன். அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒருவாட்டி வந்து பாருங்களேன்...’’

அக்கா மகன் போனில் அழைத்தபோதே படத்தையும் அனுப்பியிருந்தான். திறந்த ஜீப், ஆள் உயரத்துக்கு நெருக்கமான டயர், முன்னால் முரட்டுக் கம்பி பம்பர், கூரைக் கம்பியில் வரிசையாக எல்.இ.டி. விளக்குகள், உடம்பெல்லாம் ராணுவப் பச்சை. பார்த்ததும் எனக்கே ஆசை வந்துவிட்டது. விலை நாலரை லட்சம். ‘‘அள்ளிட்டுப் போயிடுவாங்க மாமா’’ என்று அவசரம் வேறு.

துணைக்கு எங்கள் லாரிக்கார நண்பர் ஒருவரையும் அழைத்துக்கொண்டேன். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். இப்போது சொந்தமாக இரண்டு லாரி வைத்திருக்கிறார். போய் இறங்கியதும் மாப்பிள்ளை டயரைத் தட்டிப் பார்த்தான். நண்பரோ எதையும் தொடாமல், ‘‘ஏனுங்க, ஆர்.சி. புக்கைக் கொடுங்க’’ என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்து நிமிஷம் படித்தார். பிறகு செல்போன் டார்ச்சுடன் வண்டிக்கு அடியில் போனார். வெளியே வந்தவர், கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: ‘‘கண்ணு, இந்தப் புக்குல இருக்கறது ஒரு வண்டி. இங்க நிக்கறது வேற வண்டி.’’

புக்கில் பெட்ரோல் என்று இருந்தது. உள்ளே இருந்தது டீசல் எஞ்சின். எஞ்சின் நம்பரும் ஒத்துப்போகவில்லை. புக்கில் வெள்ளை, வண்டி பச்சை. நாலரை லட்சம் அங்கேயே மிச்சம்!

நாமக்கல்லுக்குத் தெரியாத மாற்றமா?

லாரி பாடி கட்டுவதில் நாமக்கல்லுக்கு இந்தியா முழுக்கப் பெயர். பக்கத்தில் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் போர் போடப் போகாத மாநிலம் குறைவு. வெல்டிங், லேத், பெயின்ட், ஸ்ப்ரிங் பட்டை என்று எல்லாக் கைவேலைக்கும் இங்கே ஆள் உண்டு. ‘லாரியையே கட்டறாங்க, ஒரு ஜீப்பை மாத்த முடியாதா?’ என்று இளைஞர்கள் நினைப்பது இயல்புதான்.

வித்தியாசம் ஒன்றே ஒன்று. லாரி, தொழிற்சாலையிலிருந்து பாடி இல்லாத சேஸிஸாகவே வருகிறது. விதிப்படி பாடி கட்டி, ஆய்வுக்குக் காட்டி, அதன் பிறகுதான் பதிவு. லாரி பாடிக்கென்றே ஏ.ஐ.எஸ். 093 என்ற தரவிதி இருக்கிறது. ஆனால் ஜீப் முழு வண்டியாகப் பதிவாகி வருகிறது. பதிவுக்குப் பிறகு கை வைத்தால் கணக்கே வேறு.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுதான் இதற்கு அடிப்படை. தயாரித்த நிறுவனம் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது. 2000-ல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டபோது, கூடுதல் திறனுள்ள டயர் போடுவது உட்பட எந்த வகை மாற்றத்தையும் தடுப்பதே நோக்கம் என்று சொல்லப்பட்டது. 2019 ஜனவரி 9 அன்று, கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. மாநில விதியில் இடமிருக்கிறது என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

2019 திருத்தத்துக்குப் பிறகு, 182-ஏ பிரிவின்படி மாற்றம் செய்த உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்பதைக் கவனியுங்கள். நாலு மாற்றம் என்றால் 20,000 ரூபாய்!

‘சும்மா பேப்பர்ல இருக்கிற சட்டம்’ என்று நினைக்க வேண்டாம். 2023 ஜனவரியில் ஸ்ரீநகர் நீதிமன்றம், தார் வண்டியை மாற்றிய ஒருவருக்கு 6 மாதத் தண்டனை விதித்து, பிறகு நன்னடத்தைப் பிணையில் விட்டது. மாற்றங்களை எல்லாம் நீக்கி, ஆர்.சி.யில் உள்ளபடி வண்டியைத் திருப்பச் சொன்னது.

எதெல்லாம் சிக்கல்?

டயர்: 29 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 32 அங்குலம் போட்டால், ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 66-ல் போய்க்கொண்டிருக்கும். பிரேக் மட்டும் பழைய டயருக்குச் செய்ததுதான். அந்த மாடலுக்கு நிறுவனத்தின் கையேடு அனுமதிக்கும் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

உயரம்: ஸ்ப்ரிங்கை மாற்றி வண்டியைத் தூக்கினால் அதன் எடைமையமும் மேலே போகும். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள், ஏற்காட்டுக்கு 20. உயரம் கூடிய வண்டி, வளைவில் சட்டெனத் திரும்பும்போது கவிழும் வாய்ப்பு அதிகம். சமவெளியில் தெரியாத குறை மலையில் தெரியும்.

கம்பி பம்பர்: ‘புல் பார்’ எனும் இந்தக் கம்பிகள் 52-வது பிரிவை மீறுபவை என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. நடந்து போகிறவருக்கு ஆபத்து. மோதலின் வேகத்தைத் தாங்கி நசுங்க வேண்டிய முன்பகுதி தன் வேலையைச் செய்யாது. ஏர்பேக் சரியான நேரத்தில் விரியாமல் போகலாம்.

நிறம்: ராணுவப் பச்சை, அதாவது ஆலிவ் கிரீன், ராணுவ வண்டிகளுக்கு மட்டுமே உரியது. மத்திய மோட்டார் வாகன விதி 121 இதைச் சொல்கிறது. வேறு நிறம் மாற்ற ஆசையா? ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறையாக விண்ணப்பித்து, ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

எஞ்சின்: அதே நிறுவனத்தின் அதே ரக எஞ்சினை மாற்றினாலும் ஒப்புதல் வேண்டும், புதிய எண் ஆர்.சி.யில் ஏற வேண்டும். பெட்ரோல் வண்டியில் டீசல் எஞ்சினை உட்கார வைத்துவிட்டு ‘யாரும் பார்க்க மாட்டாங்க’ என்பது, விற்கிறவர் சொல்லும் சமாதானம்.

கூரையும் இருக்கையும்: துணிக் கூரையோடு பதிவான வண்டிக்கு இரும்புக் கூரை மாட்டினால் பாடி வகையே மாறிவிடும். பின்னால் பெஞ்ச் போட்டு ஆள் கணக்கைக் கூட்டுவதும் அப்படித்தான்.

வாங்கும் முன்...

* சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டையும் நீங்களே ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். நம்பர் பொறித்த இடத்தில் வெல்டிங் தடமோ, புதுப் பெயின்ட்டோ தெரிந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

* எம்பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு எரிபொருள், பதிவுத் தேதி, இன்சூரன்ஸ், கடன் விவரங்களைப் பாருங்கள்.

* சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு. பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அப்போது வண்டியை நேரில் காட்ட வேண்டும். மாற்றியது எல்லாம் அங்கே மாட்டும். 15 ஆண்டு தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய். 20 ஆண்டு தாண்டினால் 10,000 ரூபாய் என்று 2025-ல் உயர்த்தியிருக்கிறார்கள். பழைய ஜீப் வாங்கும்போது இதையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

* ‘கவர்மென்ட் ஜீப், ஏலத்துல எடுத்தது’ என்றால் இரட்டைக் கவனம் தேவை. அரசுத் துறைகளின் 15 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் பதிவு கிடையாது, அவை உடைப்புக்குத்தான்.

* வெளிமாநில வண்டி என்றால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். வாங்கிய பின் பெயர் மாற்றத்தைத் தள்ளிப் போடாதீர்கள். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டால்?

பதறவேண்டாம். கம்பி பம்பர், கூடுதல் விளக்கு, பல குரல் ஹாரன் ஆகியவற்றை முதலில் கழற்றுங்கள். டயரையும் உயரத்தையும் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். எஞ்சின் நம்பர் ஒத்துப்போகவில்லை என்றால், விற்றவரிடம் அந்த எஞ்சினுக்கான பில்லைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரடியாகப் பேசுங்கள். அதுவரை வண்டியை ரோட்டில் எடுக்காதீர்கள். நாளைக்கு ஒரு விபத்து என்றால், மறைத்துவைத்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் நிறுவனம் உங்கள் வண்டியின் சேதத்துக்கான பணத்தை மறுக்க இடமிருக்கிறது.

காடு மேடு ஏறும் ஆசையே தப்பா? இல்லவே இல்லை. நிறுவனமே நாலு வீல் டிரைவோடு தரும் தார், ஜிம்னி, கூர்க்கா போன்ற வண்டிகள் எந்த மாற்றமும் இல்லாமலே நம் ஊர்க் கரட்டுக்குப் போதும்.   ஒன்றை மறக்க வேண்டாம்... சேர்வராயன், கொல்லிமலைக் காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் வண்டியை விட்டால், அது வனச் சட்டத்தின்படி தனிக் குற்றம்.

திரும்பி வரும் வழியில் மாப்பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். ராசிபுரத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது லாரிக்கார நண்பர் அவன் தோளில் கை வைத்துச் சொன்னார்: ‘‘கண்ணு, செக்போஸ்ட்ல நிறுத்தும்போது எனக்குப் பயமே வராது. ஏன்னா, என் லாரியும் என் புக்கும் ஒரே கதையைத்தான் சொல்லும்.’’

மூணு மாசம் கழித்து அவன் வேறொரு ஜீப் வாங்கினான். வெள்ளை நிறம், கம்பெனி டயர், பார்க்கக் கொஞ்சம் சாது. போன வாரம் அம்மாவை முன் ஸீட்டில் உட்காரவைத்துக் கொல்லிமலைக்குக் கூட்டிப் போனான். சோளக்காட்டிலிருந்து போன் செய்தவள் அக்காதான்: ‘‘எழுபது வளைவும் எண்ணிக்கிட்டே வந்தேன்டா. ஒரு எடத்துலகூட பயமா இல்ல!’’