நாளுக்கொரு வசனம்: ஹெர்ன்ஹூட் லோசுங்கன்

லோசுங்கன் என்பது ஜெர்மனியின் கிழக்கு எல்லையை ஒட்டிய ஹெர்ன்ஹூட் என்னும் சிற்றூரிலிருந்து ஆண்டுதோறும் வெளிவரும் கிறித்தவ நாள்வசன நூலாகும். ஒவ்வொரு நாளுக்கும் பழைய ஏற்பாட்டிலிருந்து ஒரு வசனம், அதற்குத் துணையாகப் புதிய ஏற்பாட்டிலிருந்து ஒரு வசனம், ஒரு சிறு பாடலடி அல்லது மன்றாட்டு ஆகியவை மட்டுமே இதில் இருக்கும். விளக்கவுரை கிடையாது. 1731-ஆம் ஆண்டுக்கான முதல் நூல் அச்சானதிலிருந்து இன்றுவரை இடைவெளியின்றி வெளிவருகிறது. இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் வாசிக்கப்படுகிறது.

காலையில் எழுந்து சமைத்து, பேருந்து பிடித்து, வேலை பார்த்து, வீடு திரும்பி உறங்கும் ஒரு சாதாரண நாளுக்கு என்ன பொருள் என்ற கேள்வி எல்லாச் சமயத்தவருக்கும் உண்டு. கிறித்தவர்கள் அதற்குத் தேடிய விடைகளில் ஒன்று நாள்தோறும் வேதாகம வசனம் வாசிப்பது. அப்பழக்கத்தின் வேர்களில் முக்கியமான ஒன்று இந்த நூல். இது எப்படித் தொடங்கியது என்று பார்த்தால், இன்று நாம் நாள்வசனத்தைப் பயன்படுத்தும் விதத்தைப் பற்றிச் சில கேள்விகள் எழும்.

பெயர்க்காரணம்

'லோசுங்' என்னும் ஜெர்மன் சொல் படைமுகாமில் காவலர்களுக்குள் வழங்கிய அடையாளச் சொல்லைக் குறிக்கும். அந்தச் சொல்லைச் சொல்பவன் நம்மவன் என்று காவலன் அறிந்துகொள்வான். இன்று கணினியில் நாம் பயன்படுத்தும் 'கடவுச்சொல்' என்னும் தமிழ்ச் சொல் இதற்கு நன்றாகவே பொருந்துகிறது. ஊரின் பெயரிலும் இதே கருத்து உண்டு. ஹெர்ன்ஹூட் என்றால் கர்த்தரின் காவல் என்று பொருள்.

அகதிகளின் ஊர்

1722-இல் மொராவியா பகுதியிலிருந்து (இன்றைய செக் குடியரசு) சமய ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த சில குடும்பங்கள், நிக்கோலஸ் லுட்விக் ஃபொன் சின்சென்டார்ஃப் (1700–1760) என்னும் பிரபுவின் நிலத்தில் குடியேறின. அவர்களுக்கு வழிகாட்டி வந்த கிறிஸ்டியன் டேவிட் ஒரு தச்சர். காட்டில் மரம் வெட்டி, வீடு கட்டி, தறி போட்டுப் பிழைக்கத் தொடங்கிய ஊர் அது.

அந்த ஊரைப் பக்தர்கள் ஒருமனதோடு வாழ்ந்த ஊராகச் சிலர் எழுதுவதுண்டு. முதல் ஐந்தாண்டுகள் அப்படி இல்லை. லூத்தரன் சபையார், சீர்திருத்த சபையார், பழைய சகோதர சபையின் வழிவந்தவர்கள் எனப் பல பிரிவினர் அங்கே கலந்திருந்தனர். ஒருவர் வழிபாட்டை மற்றவர் ஏற்கவில்லை. ஒருவரோடொருவர் பேசாத நிலையும் வந்தது. சின்சென்டார்ஃப் தம் அரசுப் பணியை விட்டு வந்து வீடு வீடாகச் சென்று பேசினார். 1727 மே மாதத்தில் ஊருக்கான ஒழுங்குவிதிகளில் எல்லோரும் கையெழுத்திட்டனர். அவ்வாண்டு ஆகஸ்ட் 13 அன்று பெர்டல்ஸ்டார்ஃப் தேவாலயத்தில் நடந்த திருவிருந்தில் பிளவு நீங்கியது. மொராவிய சபை அந்த நாளையே தன் மறுபிறப்பாகக் கருதுகிறது.

ஒப்புரவு ஏற்பட்ட பின் அதை நாள்தோறும் காப்பாற்ற வேண்டுமே! ஊரார் மாலைதோறும் பாடல் ஆராதனைக்குக் கூடுவார்கள். 1728 மே 3 அன்று அந்தக் கூட்டத்தின் முடிவில், மறுநாளுக்கான சொல்லாக, அன்பைப் பற்றிய ஒரு சிறு பாடலடியைச் சின்சென்டார்ஃப் கொடுத்தார். அதுவே முதல் லோசுங். அதன்பின் நாள்தோறும் ஒரு சகோதரர் காலையில் ஊரின் வீடுகளுக்குச் சென்று அன்றைய சொல்லைத் தெரிவிப்பார். அத்துடன் வீட்டாரின் நலம் கேட்பார். யாருக்கு உடல்நலம் இல்லை, யார் மனம் சோர்ந்திருக்கிறார் என்பது மாலைக்குள் சபைக்குத் தெரிந்துவிடும்.

இதை மாணவர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் வசனம் தனியாக வரவில்லை, ஓர் ஆளோடு வந்தது. தறியில் உட்கார்ந்திருந்தவரும் அடுப்படியில் நின்றவரும் வேலையை விட்டு எங்கும் போகாமல், வேலை செய்யும் இடத்திலேயே அதைக் கேட்டனர். இன்று காலை ஏழு மணிக்குக் கைபேசியில் பூப்படத்தோடு வந்து விழும் வசனத்தை இருபது பேருக்கு அனுப்பிவிடுகிறோம். அந்த இருபது பேரில் ஒருவரையாவது 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்கிறோமா என்பது வேறு விஷயம்.

வேலையும் ஊழியமும்

ஹெர்ன்ஹூட் மக்கள் தொழிலையும் ஊழியத்தையும் பிரித்துப் பார்க்கவில்லை. 1732-இல் கரிபியக் கடலின் செயின்ட் தாமஸ் தீவில் அடிமைகளாக இருந்த மக்களிடையே பணி செய்ய அவர்கள் அனுப்பிய முதல் இருவரில் லியோனார்ட் டோபர் குயவர், டேவிட் நிட்ச்மன் தச்சர். பின்னர் பல நாடுகளுக்குச் சென்றவர்களும் பெரும்பாலும் கைத்தொழில் செய்து தம் சோற்றைத் தாமே ஈட்டியவர்கள்.

தமிழகத்துக்கும் இக்கதையில் பங்குண்டு. சின்சென்டார்ஃப் 1710 முதல் 1716 வரை ஹாலே நகரில் பிராங்கேயின் பள்ளியில் படித்தவர். தரங்கம்பாடியில் சீகன்பால்கு செய்துவந்த பணியைப் பற்றிய செய்திகள் அப்பள்ளிக்குத் தொடர்ந்து வந்தன. தொலைதூரப் பணி பற்றிய எண்ணம் அவருக்கு அந்த வயதிலேயே உண்டானது. அரைநூற்றாண்டு கழித்து, 1760-இல், மொராவிய சகோதரர்களே தரங்கம்பாடிக்கு வந்தனர். ஊருக்கு அருகே நிலம் வாங்கிக் குடியிருப்பு அமைத்துப் பயிரிட்டும் கைத்தொழில் செய்தும் வாழ்ந்தனர். 'சகோதரர் தோட்டம்' என்று அது அழைக்கப்பட்டது. அவர்களின் உண்மையான இலக்கு நிக்கோபார் தீவுகள். 1768-இல் அங்கே சென்றவர்களில் பலர் காய்ச்சலுக்குப் பலியாயினர். 1787-இல் அப்பணி கைவிடப்பட்டது. தரங்கம்பாடிக் குடியிருப்பும் 1803-இல் முடிவுக்கு வந்தது. கணக்குப் பார்த்தால் தோல்வி என்றே எழுத வேண்டியிருக்கும். தங்கள் நாட்களின் மதிப்பை விளைச்சலைக் கொண்டு அளக்காதவர்களாக அவர்கள் இருந்திருக்க வேண்டும், இல்லையெனில் நாற்பது ஆண்டுகள் தாக்குப்பிடித்திருக்க முடியாது.

வசனம் தெரிவு செய்யப்படும் முறை

தொடக்கத்தில் முந்தைய நாள் மாலையில் அறிவிக்கப்பட்டது, 1731 முதல் ஆண்டு முழுவதற்கும் முன்னரே தெரிவு செய்யப்பட்டு நூலாயிற்று. இன்றும் ஹெர்ன்ஹூட்டில் ஆண்டுக்கொருமுறை சிலர் கூடி, சுமார் 1,800 பழைய ஏற்பாட்டு வசனங்களுக்குரிய எண்கள் எழுதிய சீட்டுகளை ஒரு கிண்ணத்தில் இட்டு, நாளுக்கொன்றாக எடுக்கின்றனர். பல மொழிகளில் பெயர்த்து அச்சிட வேண்டியிருப்பதால் ஏறக்குறைய மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இது நடந்துவிடுகிறது. புதிய ஏற்பாட்டு வசனம் மட்டும் சீட்டால் வருவதில்லை. முதல் வசனத்தின் கருத்தோடு பொருந்துமாறு ஒருவர் ஆராய்ந்து தேர்கிறார்.

சீட்டுப் போடும் வழக்கம் வேதாகமத்திலேயே உண்டு. யூதாசின் இடத்துக்கு மத்தியா தெரிந்துகொள்ளப்பட்டது அப்படித்தான் (அப்போஸ்தலர் 1:26). நம்மூரில் திருவுளச்சீட்டு என்று சொல்வோம். பழைய மொராவிய சபையார் இதை நாள்வசனத்தோடு நிறுத்தவில்லை. ஊழியர் நியமனம், புதிய பணித்தளம், திருமணம் வரைக்கும் சீட்டுப் போட்டனர். திருமணத்துக்குச் சீட்டுப் போடுவது 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கைவிடப்பட்டது. அந்தச் சபையே அனுபவத்தில் அதன் ஆபத்தைக் கண்டுகொண்டது என்றுதான் கொள்ள வேண்டும்.

குறி கேட்பதா?

தமிழகச் சபைகளில் புத்தாண்டு நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்பது பலருக்கும் தெரிந்த காட்சி. ஆசீர்வாத வசனம் வந்தால் முகம் மலரும். கடினமான வசனம் வந்தால் 'வேறொன்று எடுத்துக்கொள்ளட்டுமா?' என்று கேட்பவர்களும் உண்டு. தேர்வுக்கு முன் வேதாகமத்தைக் கண்ணை மூடிக்கொண்டு திறந்து விரல் வைத்துப் பார்க்கும் பிள்ளைகளைப் பள்ளியில் நிறையக் கண்டிருக்கிறேன். கிளி எடுக்கும் சீட்டுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று ஒரு மாணவன் கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

லோசுங்கனில் சீட்டு உண்டு, ஆனால் அது எனக்காகப் போட்ட சீட்டன்று. இன்றைக்குரிய வசனம் மூன்றாண்டுகளுக்கு முன் என்னை அறியாத ஒருவரால் எடுக்கப்பட்டது. வேலை கிடைத்தவரும் வேலை இழந்தவரும், மருத்துவமனையில் படுத்திருப்பவரும் அவருக்கு ஊசி போடும் செவிலியரும் இன்று வாசிப்பது ஒரே வசனம். ஆகவே அது என் நாளின் பலனைச் சொல்லும் குறியாக இருக்க முடியாது. என் விருப்பத்துக்கு ஏற்றதையே மீண்டும் மீண்டும் பொறுக்கி வாசிக்கும் பழக்கத்துக்கும் அங்கே இடமில்லை. ஆறுதல் தேடும் நாளில் கண்டிப்பும், கலங்கிய நாளில் நன்றி சொல்லும் சங்கீதமும் வரலாம். வனாந்தரத்தில் மன்னா அன்றன்றைக்குத்தான் கிடைத்தது, சேர்த்து வைத்தால் புழுத்துப்போயிற்று என்று யாத்திராகமம் 16-ஆம் அதிகாரம் சொல்கிறது. நாள்வசனத்தை வாசிப்பவர்களும் அந்த அளவில்தான் அதை எதிர்பார்க்கிறார்கள்.

சிறையில் ஒரு வாசகர்

இந்நூலின் வாசகர்களில் மிகவும் அறியப்பட்டவர் ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் (1906–1945). ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்த அவருடைய வீட்டில் ஹெர்ன்ஹூட் பக்தியின் சாயல் சிறுவயது முதலே இருந்தது. எனினும் அவர் நாள்வசனத்தின் எல்லையையும் தெளிவாக எழுதியவர். சபைக் கூட்டுவாழ்வு பற்றி 1939-இல் வெளியிட்ட நூலில், அன்றைய ஒற்றை வசனம் நல்ல துணைதான், ஆனால் வேதாகமத்தைத் தொடர்ச்சியாக வாசிப்பதற்கு அது மாற்றாகாது என்ற கருத்தை வலியுறுத்தினார்.

அதே ஆண்டு ஜூன் மாதம் நியூயார்க் சென்ற அவருக்கு அங்கேயே பாதுகாப்பாகத் தங்கிப் பணிபுரிய வாய்ப்பு இருந்தது. ஜூன் 20 அன்று அதை மறுத்துவிட்டார். ஆறு நாள் கழித்து, மாரிக்காலத்துக்குமுன் வந்துசேரும்படி பவுல் தீமோத்தேயுவை அழைக்கும் வரி (2 தீமோத்தேயு 4:21) அவர் கண்ணில் பட்டது. நாள் முழுவதும் அது தம்மை விடவில்லை என நாட்குறிப்பில் எழுதினார். முடிவு முதலில், வசனம் பின்னர் என்ற வரிசையைக் கவனிக்க. யோசித்து வேதனையோடு எடுத்த முடிவில் நிலைத்து நிற்க அந்த வரி உதவியது, யோசிக்கும் வேலையை அவருக்காக அது செய்யவில்லை. ஜூலையில் கப்பலேறி ஜெர்மனி திரும்பினார்.

1943 ஏப்ரல் 5 அன்று கைதாகிப் பெர்லின் டேகல் சிறையில் அடைக்கப்பட்டார். 1944 ஜூலை 20 அன்று ஹிட்லரைக் கொல்ல நடந்த முயற்சி தோற்றது. அதில் தொடர்புடையவர்களைப் போன்ஹோஃபர் நன்கு அறிவார், தமக்கு இனி விடுதலை அரிது என்பதும் விளங்கியிருக்கும். மறுநாள் தம் நண்பர் எபர்ஹார்ட் பெத்கேவுக்கு எழுதிய கடிதத்தில் நேற்றும் இன்றும் வந்த நாள்வசனங்களால் தாம் மகிழ்ந்ததைக் குறிப்பிடுகிறார். ஜூலை 21-க்குரியது 23-ஆம் சங்கீதத்தின் முதல் வசனம், கர்த்தரை மேய்ப்பராகச் சொல்வது.

அக்கடிதத்தின் மற்றொரு பகுதி நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. புனிதமான ஒரு வாழ்க்கையை வாழ முயன்று விசுவாசத்தைக் கற்கலாம் என்று தாம் முன்பு எண்ணியதாகவும், இவ்வுலக வாழ்வின் கடமைகளிலும் சிக்கல்களிலும் வெற்றி தோல்விகளிலும் முழுமையாக வாழும்போதுதான் அது கற்கப்படுகிறது என்பதைப் பின்னர் உணர்ந்ததாகவும் அவர் எழுதுகிறார். சிறையில் அவருடைய நாள் எப்படிப்பட்டது? வாசிப்பு, கடிதம், உடன் கைதிகளுக்கு ஆறுதல், குண்டுவீச்சு நேரங்களில் காயமுற்றோருக்கு உதவி. அந்த நாட்களைத்தான் அவர் முழுமையான வாழ்வு என்றார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார்.

இன்று

1945 மே மாதத்தில், போர் முடிந்த நாட்களில், ஹெர்ன்ஹூட்டின் நடுப்பகுதியும் அதன் தேவாலயமும் எரிந்துபோயின. ஊர் மீண்டும் கட்டப்பட்டது. கிழக்கு ஜெர்மனி என்ற நாடு இருந்த நாற்பதாண்டுகளிலும் சீட்டெடுப்பு அங்கேயே நடந்தது, எல்லையின் இருபுறமும் இருந்த குடும்பங்கள் ஒரே வசனத்தை வாசித்தன. 2024-இல் புதுதில்லியில் நடந்த கூட்டத்தில் யுனெஸ்கோ ஹெர்ன்ஹூட்டை உலகப் பாரம்பரியக் களங்களில் சேர்த்தது.

நூல் இப்போது பல வடிவங்களில் கிடைக்கிறது. முதியோருக்கான பெரிய எழுத்துப் பதிப்பும் உண்டு. குறிப்பு எழுத வெற்றிடம் விட்ட பதிப்பொன்றும் வெளிவருகிறது. வசனத்துக்குக் கீழே அன்றைய பிறந்தநாள், மறைவு, வந்துபோன விருந்தினர் என்று எழுதி வைத்தால் சில ஆண்டுகளில் அது குடும்பத்தின் நாட்குறிப்பாகவே ஆகிவிடும். நூல் கைவசம் இல்லாதவர்களும் இம்முறையைப் பின்பற்றலாம். வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியின் வசனத்தை எடுத்துக்கொண்டு, அது இடம்பெறும் அதிகாரம் முழுவதையும் வாசித்து, அன்று யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒரு பெயரை ஓரத்தில் எழுதிவிட்டு வேலைக்குக் கிளம்பலாம்.