இராகலைக்கு ஓடிய கோச்சி

கண்டியிலிருந்து பதுளைக் கோச்சியில் ஏறி நுவரெலியா போகிறவர்கள் இன்று நானுஓயாவில் இறங்கி பஸ் பிடிக்கிறார்கள். 1903இல் அந்த ஸ்டேஷனிலிருந்து நுவரெலியா நகருக்குள்ளேயே ஒரு சின்ன ரயில் போகத் தொடங்கியது. அடுத்த ஆண்டில் பாதை கந்தப்பளை, புரூக்சைட் தாண்டி இராகலை வரை நீண்டது. உடப்புசல்லாவைப் பாதை என்று பெயர். நீளம் சுமார் 19 மைல்.

மலையகத்துக்கு ரயில் வந்ததே தோட்டங்களுக்காகத்தான். 1867இல் கண்டிக்குத் தண்டவாளம் வந்தபோது துரைமாரின் கணக்கில் இருந்தது கோப்பி. அதே ஆண்டில்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை நட்டார். இரண்டே ஆண்டில் கோப்பியில் இலைநோய் கண்டது. தேயிலை மேலேறியது, தண்டவாளமும் அதன் பின்னால் ஏறியது. 1874இல் நாவலப்பிட்டி, 1885இல் நானுஓயா. அதற்கப்பால் உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலையை இறக்கவே இந்தக் கிளை போடப்பட்டது.

பெரிய பாதையின் அகலம் ஐந்தரை அடி. கிளையின் அகலமோ இரண்டரை அடிதான். வளைவும் ஏற்றமும் மிகுந்த மலையில் செலவைக் குறைக்க அதுவே வழி. ஆனால் அந்தச் சிக்கனமே பின்னால் அதன் காலை வாரியது. சின்ன வண்டி பெரிய தண்டவாளத்தில் ஏறாது. இராகலையில் ஏற்றிய தேயிலைப் பெட்டி ஒவ்வொன்றையும் நானுஓயாவில் இறக்கி, மறுபடி பெரிய பெட்டியில் ஏற்ற வேண்டும். லொறி வந்ததும் தொழிற்சாலை வாசலிலேயே சரக்கை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. 1940களில் பாதை மூடப்பட்டது, தண்டவாளமும் பெயர்க்கப்பட்டது. இதே அகலத்தில் ஓடிய களனிவெளிப் பாதை 1990களில் அகலமாக்கப்பட்டு, அவிசாவளை வரை இன்றும் ஓடுகிறது. உடப்புசல்லாவைப் பாதைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கந்தப்பளையின் பழைய ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை இப்போது ஹோட்டல். அதன் வளாகத்தில் பழைய சின்னப் பாதை ரயில் பெட்டியொன்றை உணவகமாக்கி வைத்திருக்கிறார்கள். பெட்டியைக் காப்பாற்றியது நல்ல காரியம். ஆனால் அந்தப் பெட்டிகளில் சரக்கு ஏற்றி இறக்கியவர்களின் பெயர் எங்கே இருக்கிறது? ரயில் வரலாறு என்றால் கவர்னர், எஞ்சினியர், துரை என்றே எழுதிப் பழகிவிட்டோம். இது எனக்குப் பொறுக்கவில்லை.

கந்தப்பளையில் இன்று கரட்டும் லீக்ஸும் கோவாவும் விளைகின்றன. எல்லாம் லொறியை நம்பித்தான். 2022இல் டீசல் இல்லாமல் நாடு வரிசையில் நின்றபோது, மலைநாட்டு மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டுபோக விவசாயிகள் பட்ட பாடு நமக்குத் தெரியும். அந்தத் தண்டவாளத்தை மறுபடி போடுவது இனி நடக்கிற காரியமல்ல. ஆனால் கண்டிக்குப் பக்கத்தில், கடுகண்ணாவையில் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. இந்தப் பாதைக்கும் அதன் தொழிலாளருக்கும் அங்கே ஒரு தனி இடம் வேண்டும், தமிழிலும் எழுதப்பட்டு. கந்தப்பளை, இராகலைப் பக்கத்து ஆசிரியர்களே, உங்கள் ஊர்ப் பெரியவர்கள் தங்கள் தாய் தகப்பனிடம் கேட்டுவைத்த கோச்சிக் கதைகளை இந்த ஆண்டிலேயே பிள்ளைகளைக் கொண்டு எழுதி வாங்குங்கள்.