விதி எழுதியவர் போன பிறகு

மே மாதக் கடைசியில், பள்ளிகள் திறப்பதற்கு முன், விழுப்புரம் மாவட்டத்துப் பள்ளி வாகனங்கள் மைதானத்தில் வரிசை கட்டி நிற்கும். மோட்டார் வாகன ஆய்வாளர் ஒவ்வொன்றாக ஏறி இறங்குவார். அவசர வழிக் கதவு திறக்கிறதா, முதலுதவிப் பெட்டியில் இருக்கும் மருந்து காலாவதி ஆகிவிட்டதா, படிக்கட்டு சின்னப் பிள்ளைகளின் காலுக்கு எட்டுமா என்று பார்ப்பார். குறை இருந்தால் வண்டி திரும்பிப் போக வேண்டியதுதான். ஊரில் அவருக்குப் பெயர் பிரேக் இன்ஸ்பெக்டர். கண்டாச்சிபுரத்தில் பிள்ளையை வேனில் ஏற்றிவிடும் தாய்க்கு அவர் முகம் தெரியாது. அப்படி ஒருவர் இருக்கிறார் என்பது மட்டும் தெரியும். அந்த நம்பிக்கையில்தான் கையசைத்து அனுப்புகிறார்.

அதே கண்டாச்சிபுரத்திலிருந்து சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போகிறவர், விழுப்புரம், திண்டிவனம் வழியாக மீனம்பாக்கம் போய் விமானம் ஏறுகிறார். அந்த விமானத்துக்கு யார் பிரேக் இன்ஸ்பெக்டர்?

டெல்லியில் இருக்கும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். சுருக்கமாக டிஜிசிஏ. விமானிக்கு உரிமம் தருவதும், விமானம் பறக்கத் தகுதியானது என்று சான்று தருவதும், விமானி எத்தனை மணி நேரம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும் என்று விதி எழுதுவதும் அதன் வேலை. விபத்துக்குப் பின் விசாரிக்க வேறு அமைப்பு இருக்கிறது. விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்வது இதன் பொறுப்பு.

இந்த இயக்குநரகத்தின் தலைமை நாற்காலி அடிக்கடி ஆள் மாறுகிறது. 2010 டிசம்பரில் பரத் பூஷண் வந்தார். 2012 ஜூலையில், கிங்ஃபிஷர் விமான நிறுவனம் தள்ளாடிக்கொண்டிருந்த நேரத்தில், திடீரென்று மாற்றப்பட்டார். பிறகு அருண் மிஸ்ரா. அவருக்குப் பின் பிரபாத் குமார். 2015 ஜனவரியில், முன்பு புதுச்சேரியின் தலைமைச் செயலாளராக இருந்த எம்.சத்தியவதி; இந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் இவர். 2016-இல் பி.எஸ்.புல்லர். 2019-இல் அருண் குமார். 2023 பிப்ரவரியில் விக்ரம் தேவ் தத். 2025 ஜனவரியில் ஃபைஸ் அகமது கித்வாய். இடையிடையே கூடுதல் பொறுப்பு பார்த்தவர்களைச் சேர்க்காமலே, ஏறத்தாழ 14 ஆண்டுகளில் எட்டுப் பேர்.

இவர்கள் திறமையற்றவர்கள் என்று சொல்ல வரவில்லை. எல்லோரும் இந்திய ஆட்சிப் பணியில் அனுபவம் பெற்றவர்கள். ஆனால் அந்தப் பணியின் இயல்பு இடமாற்றம். விக்ரம் தேவ் தத் இங்கிருந்து நிலக்கரித் துறைச் செயலாளராகப் போனார். கித்வாய் வேளாண் அமைச்சகத்திலிருந்து இங்கே வந்தார். நிலக்கரிக்கும் நெல்லுக்கும் நடுவே ஒரு நிறுத்தமாக விமானப் பாதுகாப்பு இருக்கிறது.

மாவட்டத்தில் கலெக்டர் மாறினால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். மனுநீதி நாளில் கொடுத்த மனுவை மறுபடி கொடுக்க வேண்டும். கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். அங்கே இழப்பு சில மாதங்கள். பாதுகாப்பு விவகாரத்தில் ஓர் எச்சரிக்கை பழுத்து விபரீதமாவதற்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். அதைத் தொடக்கத்தில் கேட்டவர் முடிவில் இருப்பதில்லை என்பதுதான் கோளாறு. இரண்டு சம்பவங்களைப் பார்க்கலாம்.

முதலாவது, 2014-இல் வந்த தலைகுனிவு. 2012 டிசம்பரில் ஐ.நா.வின் சர்வதேச சிவில் விமான அமைப்பான ஐகாவோ இந்தியாவைத் தணிக்கை செய்து, கடுமையான குறைகளைச் சுட்டியது. 2013 செப்டம்பரில் அமெரிக்காவின் விமான ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.ஏ.ஏ. தன் பங்குக்கு ஆய்வு செய்தது. விமான இயக்கத்தைக் கண்காணிக்க முழுநேர ஆய்வாளர்கள் போதவில்லை என்பது முக்கியமான குறை. கூடுதலாக 75 ஆய்வாளர்களை நியமிக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2014 ஜனவரி 20 அன்று. அதற்குள் நேரம் கடந்துவிட்டது. அந்த மாதக் கடைசியிலேயே எஃப்.ஏ.ஏ.வின் கணிப்பில் இந்தியா முதல் தரத்திலிருந்து இரண்டாம் தரத்துக்கு இறக்கப்பட்டது. இந்திய நிறுவனங்கள் அமெரிக்காவுக்குப் புதிய விமானங்களை விட முடியாமல் போனது. தரம் திரும்பக் கிடைத்தது 2015 ஏப்ரல் 8-இல். பரத் பூஷண் மாற்றப்பட்ட நாளிலிருந்து கணக்கிட்டால், மூன்று ஆண்டு முடிவதற்குள் நாற்காலி மூன்று புதியவர்களைப் பார்த்துவிட்டது. எச்சரிக்கை ஒருவர் காலத்தில் வந்தது. தண்டனை இன்னொருவர் தலையில் விழுந்தது. மீட்சி மூன்றாமவர் காலத்தில்.

இரண்டாவது, இன்னும் நினைவில் பச்சையாக இருப்பது. 2024 ஜனவரி 8 அன்று, விக்ரம் தேவ் தத் தலைமை இயக்குநராக இருந்தபோது, விமானிகளின் பணி நேரத்துக்குப் புதிய விதி வந்தது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாகிறது. 'இரவு' என்ற கணக்கு காலை 5 மணிக்குப் பதிலாக 6 மணி வரை நீள்கிறது. இரவில் ஒரு விமானி 6 முறை தரையிறங்கலாம் என்றிருந்தது 2 முறையாகக் குறைகிறது. களைத்த கண்கள் ஓடுபாதையைத் தேடக் கூடாது என்பதுதான் நோக்கம், நல்ல விதி. ஜூன் 1-இல் அமலாக வேண்டியது. நிறுவனங்கள் எதிர்த்தன, மார்ச்சில் கிடப்பில் போடப்பட்டது. விமானிகள் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போன பிறகு, 2025 ஜூலை 1, நவம்பர் 1 என்று இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தது. அதற்குள் தத் நிலக்கரித் துறையில் ஓராண்டு முடித்திருந்தார்.

விதியின் கடினமான பகுதி நவம்பரில் வருகிறது. அதற்குக் கூடுதல் விமானிகள் தேவை. அது தெரிந்த நிலையிலும், அந்தக் குளிர்கால அட்டவணையில் இண்டிகோ விமான நிறுவனத்துக்கு முந்தைய குளிர்காலத்தைவிட ஏறக்குறைய 10 சதவீதம் கூடுதல் பயணங்களுக்கு இயக்குநரகமே அனுமதி தந்தது. ஒரு கை ஓய்வைக் கூட்டியது, மறு கை பயணத்தைக் கூட்டியது. 'உங்களிடம் எத்தனை விமானிகள் இருக்கிறார்கள்?' என்று இரண்டு கோப்புகளையும் ஒரே மேசையில் விரித்துக் கேட்டிருக்க வேண்டும். விதி எழுதப்பட்ட நாளிலிருந்து அதற்கு 22 மாதம் அவகாசம் இருந்தது.

டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ சரிந்தது. 5-ஆம் தேதி மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் ரத்து. விமான நிலையங்களில் பெட்டிமேல் தலை வைத்து மக்கள் படுத்துக் கிடந்தார்கள். அன்றே இயக்குநரகம் பின்வாங்கியது. வார ஓய்வுக்குப் பதிலாக விடுப்பைக் கணக்குக் காட்டக் கூடாது என்ற பிரிவைத் திரும்பப் பெற்றது. இரவுப் பணி விதிகளிலிருந்து இண்டிகோவுக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு தந்தது. களைப்பிலிருந்து காக்க எழுதப்பட்ட விதி, கூட்ட நெரிசலைச் சமாளிக்கத் தள்ளிவைக்கப்பட்டது. இண்டிகோவின் பயணங்கள் 10 சதவீதம் குறைக்கப்பட்டன. பின்னர் நிறுவனத்துக்கு 22.20 கோடி ரூபாய் அபராதமும் விழுந்தது. திட்டமிடாத நிறுவனத்தின் தவறு தவறுதான். ஆனால் கண்காணிக்க வேண்டிய இடத்தில் யார் பொறுப்பேற்றார்கள்? இண்டிகோவைக் கவனித்த நான்கு விமான இயக்க ஆய்வாளர்கள் நீக்கப்பட்டார்கள். கணக்கு அத்தோடு முடிந்தது.

அந்த ஆய்வாளர்களை ஆயிரக்கணக்கில் வைத்திருக்கும் அமைப்பல்ல இது. 2025-இல் நாடாளுமன்ற நிலைக்குழு தந்த கணக்குப்படி, இயக்குநரகத்தில் அனுமதிக்கப்பட்ட இடங்கள் 1,063, நிரம்பியவை 553. அனுபவமுள்ள விமானி ஒருவருக்கு விமான நிறுவனம் தரும் சம்பளத்தை அரசு தர முடிவதில்லை. அதனால் ஒப்பந்தத்தில் ஆள் எடுக்கிறார்கள், வந்தவர் நிலைப்பதில்லை. மேலே தலைவர் மாறுகிறார், கீழே மேசை காலி. கோப்பின் கதை தெரிந்தவர் நடுவில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்?

ஆள் போய் நேரில் பார்த்தால் என்ன கிடைக்கிறது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து, தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 260 பேர் இறந்தார்கள். அந்த விபத்தைத் தலைமை மாற்றத்தோடு முடிச்சுப் போட எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் அதன் பின் டெல்லி, மும்பை உள்ளிட்ட விமான நிலையங்களில் இயக்குநரகம் நடத்திய சோதனையைப் பாருங்கள். சரிசெய்ததாக எழுதப்பட்ட பழுதுகள் அதே விமானத்தில் மறுபடி மறுபடி தலைகாட்டியிருந்தன. டயர் தேய்ந்ததால் ஒரு விமானத்தை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. சில இருக்கைகளின் அடியில் உயிர்காப்பு அங்கி சரியாகப் பொருத்தப்படவில்லை. ஓடுபாதையின் நடுக்கோடு மங்கியிருந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் மைதானத்தில் கண்டுபிடிக்கும் வகைக் குறைகள்தான். வழக்கமான நாட்களிலேயே கண்ணில் பட்டிருக்க வேண்டியவை.

தலைவர் நிலைத்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்ற கேள்வி நியாயமானது. புல்லர் மூன்று ஆண்டுகளும், அருண் குமார் மூன்றரை ஆண்டுகளும் இருந்தார்கள். 2018 கணக்கில் 69.95 சதவீதமாக இருந்த இந்தியாவின் ஐகாவோ மதிப்பெண், 2022 தணிக்கையில் 85.65 ஆனது. இது ஒருவர் செய்த காரியம் இல்லை. ஆனால் தணிக்கைக்குத் தயாராகத் தொடங்கியவரே தணிக்கையையும் சந்தித்தார் என்பதைக் கவனிக்காமல் விட முடியாது.

அமெரிக்காவில் எஃப்.ஏ.ஏ. தலைவருக்குச் சட்டமே ஐந்தாண்டு தருகிறது. அங்கும் நாற்காலி காலியாவது உண்டு. போயிங் 737 மேக்ஸுக்குச் சான்று கிடைத்தபோது இருந்த தலைவர் 2018 ஜனவரியில் காலம் முடிந்து போனார். அடுத்த முழுநேரத் தலைவர் வந்தது 2019 ஆகஸ்டில். நடுவில் தற்காலிகத் தலைவர். அந்த இடைவெளியில்தான் இந்தோனேசியாவிலும் எத்தியோப்பியாவிலும் இரண்டு மேக்ஸ் விமானங்கள் விழுந்து 346 பேர் இறந்தார்கள். காரணம் வடிவமைப்பிலும் சான்றளிப்பிலும் இருந்தது, நாற்காலியில் இல்லை. ஆனால் முதல் விபத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையே நான்கு மாதத்துக்கு மேல் கிடைத்தது. 'நிறுத்து' என்று சொல்லும் துணிவு முழுப் பொறுப்பில் இருப்பவருக்கே கடினம். கூடுதல் பொறுப்பில் இருப்பவருக்கு எவ்வளவு கடினம் என்பதை அரசு அலுவலகம் ஏறி இறங்கிய எவருக்கும் விளக்க வேண்டாம்.

இந்தியாவில் சட்டம் அந்தப் பக்கமே போகவில்லை. தனி ஆணையம் அமைக்க 2013-இல் மக்களவையில் வந்த மசோதா, அவை கலைந்ததும் காலாவதியானது. 1934-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025 ஜனவரி 1 முதல் பாரதீய வாயுயான் அதிநியம் வந்தது. அதிலும் இயக்குநரகம் அமைச்சகத்தின் மேற்பார்வையில்தான் இருக்கிறது. தலைமை இயக்குநருக்கு இத்தனை ஆண்டு என்ற உறுதி இல்லை. தொலைபேசிக் கட்டணத்தைப் பார்க்கும் டிராய் தலைவருக்குச் சட்டப்படி மூன்று ஆண்டு. மின்கட்டணம் நிர்ணயிக்கும் ஒழுங்குமுறை ஆணையத் தலைவருக்கு ஐந்து ஆண்டு. பில் தொகையைப் பார்ப்பவருக்கு இருக்கும் பாதுகாப்பு, உயிரைப் பார்ப்பவருக்கு இல்லை.

நாடாளுமன்றக் குழு இயக்குநரகத்துக்கு முழு நிர்வாக, நிதித் தன்னாட்சி கேட்டிருக்கிறது. அதோடு மூன்று சேர வேண்டும். ஐந்தாண்டுப் பதவிக்காலம்; காரணத்தை எழுத்தில் சொல்லாமல் அதற்குள் மாற்றக் கூடாது. தலைவர் போகும் நாளிலேயே அடுத்தவர் வந்து அமர வேண்டும். கையில் இருக்கும் விதிகள், தள்ளிவைத்தவை, விலக்கு தந்தவை என்று பட்டியல் போட்டு, கையெழுத்திட்டு ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும்.

மூன்றாவது புதிதல்ல. விமானம் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குக் கை மாறினால், அதன் பதிவேடுகளும் கூடவே போக வேண்டும்; எந்தப் பழுது எப்போது, யார் சரிசெய்தார் என்பது வரிக்கு வரி அதில் இருக்கும். ஏர் இந்தியாவின் முதல் போயிங் 787 விமானம் டெல்லிக்கு வந்தது 2012 செப்டம்பரில். அப்போதிருந்த தலைமை இயக்குநருக்குப் பின், 2025 ஜனவரி வரை ஆறு பேர் வந்துவிட்டார்கள். விமானத்தின் வரலாறு பதிவேட்டில் இருக்கிறது. அதைக் கண்காணிக்கும் அலுவலகத்தின் வரலாறு, மாற்றல் ஆணையோடு வாசலைத் தாண்டிப் போய்விடுகிறது.