ஓவியம் நிலைக்க மலை நிலைக்க வேண்டும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு அருகே சுண்ணாம்புக் கல் மலையொன்றின் செங்குத்துச் சரிவில் தம்பூன் குகை இருக்கிறது. 1959இல் கூர்க்கா படைப்பிரிவைச் சேர்ந்த பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் அங்கே பாறை ஓவியங்களைக் கண்டார். பின்னர் நடந்த ஆய்வில் மனிதர், விலங்கு, கோலவடிவம் என 600க்கும் மேற்பட்ட உருவங்கள் பதிவாயின. பெரும்பாலானவை இரும்புத் தாதுவால் தீட்டிய செந்நிற ஓவியங்கள். எழுத்தறியாக் காலத்து மக்கள் இந்த மண்ணில் விட்டுச்சென்ற அரிய ஆவணம் இது. வேலி போட்டு அறிவிப்புப் பலகை நட்டால் இதைக் காத்துவிடலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். கிறுக்க வரும் கைகளை வேலி தடுக்கும். பாறைக்குள்ளிருந்து வரும் சேதத்தைத் தடுக்காது.

அச்சேதத்தின் தன்மை இந்தோனேசியாவின் சுலாவேசி தீவில் தெளிவாகத் தெரிகிறது. அங்குள்ள லியாங் கராம்புவாங் குகை ஓவியத்துக்குக் குறைந்தது 51,200 வயது என 2024இல் அறிவிக்கப்பட்டது. அதே மாரோஸ்-பங்கெப் வட்டாரக் குகைகளைப் பற்றி 2021இல் வெளியான ஆய்வு, ஓவியப் பாறையில் உப்புப் படிகங்கள் வளர்வதைக் காட்டியது. கனமழையும் கடும் வறட்சியும் மாறிமாறி வர, உப்பு விரிந்து சுருங்கி, பாறையின் மேல்தோலை வண்ணத்தோடு செதில் செதிலாக உரிக்கிறது. புவி வெப்பமடைதல் இதை விரைவுபடுத்துகிறது. பக்கத்தில் கல் குவாரிக்காக மலையை உடைத்தால் தூசியும் அதிர்வும் கூடச் சேர்கின்றன.

பருவநிலையே மாறும்போது குவாரியை மட்டும் தடுத்து என்ன பயன் என்று கேட்கலாம். நலிந்த பாறைக்கு நம் கையால் கூடுதல் அடி விழாமல் பார்ப்பதே நம்மால் உடனே முடிந்த காரியம். நகரங்களில் எழும் அடுக்குமாடிகளுக்கும் சிமெண்டு வேண்டுமே என்பதும் நியாயமான கேள்விதான். சுண்ணாம்புக் கல்லுக்கு வேறு மலை கிடைக்கும். அழிந்த ஓவியத்துக்கு மாற்று கிடையாது. சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடவும் முடியாது. ஆஸ்திரேலியாவில் 46,000 ஆண்டுகளாக மனிதர் புழங்கிய ஜூகான் பள்ளத்தாக்குப் பாறைக் குகைகளை, ரியோ டிண்டோ நிறுவனம் 2020 மே மாதம் இரும்புத் தாதுச் சுரங்கத்துக்காக வெடிவைத்துத் தகர்த்தது. அந்நிலத்துக்குரிய பூர்வகுடிகள் எதிர்த்தும், சட்டப்படி பெற்ற அனுமதியோடுதான் அது நடந்தது.

மலேசியாவில் நிலம் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. ஆகவே சுண்ணாம்பு மலை எதற்கும் குவாரி உரிமம் தருமுன் தொல்லியல் ஆய்வு நடத்தி, அங்கு வாழும் பூர்வகுடி மக்களின் கருத்தையும் மாநில அரசுகள் கேட்க வேண்டும். ஓவியம் உள்ள மலையை முழுமையாகவும், சுற்றிலும் போதிய இடைவெளியோடும் பாதுகாக்க வேண்டும். இதை நம் சட்டமன்ற உறுப்பினர்களிடம் கேட்பது குடிமக்களாகிய நம் கடமை.