றபான் வாங்கப் போகிறீர்களா?



ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரழி) அவர்களின் கலியாண வீட்டுக்கு நபி (ஸல்) அவர்கள் வந்து அமர்ந்தார்கள். அங்கே சிறுமிகள் தஃப் தட்டி, பத்ர் போரில் ஷஹீதான தம் முன்னோரைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தனர். நாளை நடப்பதை அறியும் நபி தம்மிடையே இருப்பதாக ஒரு சிறுமி பாடியதும், அதை விட்டுவிட்டு முன்பு பாடியதையே பாடுமாறு நபியவர்கள் கூறினார்கள். ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள சம்பவம் இது.

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? தஃப் ஒலித்தபோதும் அச்சிறுமியின் சொல் தெளிவாகக் கேட்டிருக்கிறது. நாம் றபான் வாங்கும்போதும் இதுவே அளவுகோலாக இருக்கட்டும். மூத்தம்மா மெல்லிய குரலில் பைத் சொல்ல, பேத்திமார் றபானை ஓங்கி அறித்தால் பாட்டு எங்கே கேட்கும்? அடுத்த கலியாணத்தில் அவர் வாய் திறக்கமாட்டார். அவரோடு அந்தப் பைத்தும் மறைந்துவிடும்.

ஆகவே, அழகைப் பார்த்து வாங்காதீர்கள். யார் பாடுவது, எப்படித் தட்டுவது என்பதை முதலில் யோசியுங்கள்.

ஒருவர் இருவர் இருந்து பாடுவதானால், ஒரு கையில் அடங்கும் சிறிய றபானே போதும். விரல் நுனியால் தட்டுவோருக்கு மெல்லிய தோல் ஏற்றது. பலர் சேர்ந்து பாட, உள்ளங்கையால் தட்டுவதானால் அகன்ற முகமும் சற்றுத் தடித்த தோலும் வேண்டும். முகம் அகன்றால் ஒலி தாழ்ந்து கனக்கும். ஆனால் பாரமும் கூடும். எனவே, கடையிலேயே ஐந்து நிமிடம் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். சலங்கைத் தகடு வைத்தது ஊர்வலத்துக்கு நல்லது. மெல்லிய குரலை அது மூடிவிடும்.

ஆட்டுத்தோலின் ஒலி இதமானது. ஆனால் மழைக்காலத்தில் ஈரம் பட்டுத் தளர்ந்துவிடும். பாடுமுன் சிறிது நேரம் இளவெயிலில் வைத்தால் இறுகும். நெருப்பருகே வைத்தால் வெடிக்கக்கூடும். செயற்கைத் தோல் ஈரத்துக்குத் தளராது; அதன் ஒலி சற்றுக் கடுமையானது.

விளிம்பைச் சுற்றி நாலு இடத்தில் தட்டிப் பாருங்கள். ஒலி ஒன்றாக இருக்கவேண்டும். பெருவிரல் பதியும் இடம் வழவழப்பாக இருக்கட்டும்.

இறுதியாக, பாடுபவரையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர் பாட நீங்கள் தட்டுங்கள். இன்னொருவர் பத்தடி தள்ளி நின்று கேட்கட்டும். சொல் புரிந்தால் வாங்குங்கள். புரியாவிட்டால், எத்தனை அழகாயிருந்தாலும் அங்கேயே வைத்துவிடுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த கலியாணத்தில் மூத்தம்மாவின் பைத் எல்லோருக்கும் கேட்கும்.